வாய்க்காலுக்குள் ஒரு பிள்ளையார் சுழி

உயிரோடு இருக்கிற மனிதனின் தலைக்கு மேல் கொங்கிறீற் மூடி விழக்கூடாது. செத்த பிறகு எதை வேண்டுமானாலும் போட்டு மூடட்டும், நான் எழும்பி வந்து முறைப்பாடு செய்யப் போவதில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மத்தியானம் என்ன கறி என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அது விழுந்தது.

டொம் என்று ஒரு சத்தம். வெளிச்சம் போய்விட்டது. அடுத்து ஒரு லொறி உறுமிக்கொண்டு பின்னுக்கு வந்து, சரியாக எங்கள் தலைக்கு மேலே நின்று ஓய்ந்தது.

"அக்கா, மேலை ஆரோ லொறியை விட்டிட்டினம்."

"கேட்டது."

"மூடிக்கு மேலை விட்டிட்டினம்."

"அதுவும் கேட்டது. ரோர்ச்சைப் போடும்."

கேதீஸ்வரி அக்கா இப்படித்தான். ஐம்பத்தொரு வயது, உடுப்பிட்டிக்காரி. நில அளவைக் கந்தோரில் இருபத்தாறு வருடம் படம் கீறிவிட்டு, இப்போது ஊராரின் எல்லைச் சண்டையையும் காணாமல் போன நகையையும் காணாமல் போன புருஷன்மாரையும் தேடிக் கொடுக்கிறார். நான் கிறிஸ்ரோபர், அவருடைய உதவியாளர், சாரதி, அவர் சொல்கிறபடி பார்த்தால் தேவைக்கு மிஞ்சிய வாய். மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்தும் அலையைக் கண்டால் குமட்டிச் சத்தி எடுக்கிறவன் நான் ஒருவன்தான். கடலுக்குப் போக ஏலாமல்தான் துப்பறிய வந்தேன். அப்பாவுக்கு அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நாங்கள் நின்றது பட்டணத்துப் பெரிய வீதிக்குக் கீழே ஓடுகிற வெள்ளவாய்க்காலில். நாலடி அகலம், நாலரை அடி உயரம், அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கல் கட்டு. வீதியிலும் கூரைகளிலும் விழுகிற மழை இதற்குள் இறங்கி வில்வடிக்குளத்துக்குப் போகவேண்டும். அங்கே கொஞ்சக் காலம் தங்கி நிலத்துக்குள் இறங்கவேண்டும், மிஞ்சினதுதான் கடலுக்கு. குளம் நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகள் சித்திரையிலும் நல்ல தண்ணீராய் இருக்கும். நிரம்பாவிட்டால் மாசியிலேயே தேநீர் உவர்க்கத் தொடங்கிவிடும்.

பத்து நாட்களுக்கு முன்பு பெய்த மழையில் ஒரு வாளித் தண்ணீர்கூடக் குளத்துக்குப் போகவில்லை. வாய்க்கால் முட்டிப் பின்னுக்குத் தள்ளி, வில்வடி ஒழுங்கைக்குள் இடுப்பளவு வெள்ளம். ஊறிய மதில் ஒன்று விழுந்து சீவரத்தினம் என்ற தச்சுத் தொழிலாளி இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. வாய்க்காலைப் புரட்டாசியிலேயே கடைசிவரை துப்பரவாக்கியதாகக் கையெழுத்து வைத்தவர் நகர சபையில் இந்த வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் ஜெயரூபன். பொய்க் கையெழுத்து என்று அவரைப் பிடித்து மறியலில் போட்டுவிட்டார்கள். நாளைக்கு வழக்கு. சீவரத்தினத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஜெயரூபன் வெளியே வருகிற கதையே இல்லை.

"முழங்கால் தேயத் தேய அதுக்குள்ளை தவண்டவர் அண்ணை. கடைசிவரைக்கும் போனவர்," என்று ஜெயரூபனின் மனைவி உதயகலா எங்கள் கந்தோரில் அழுதார். அது உண்மையா என்று பார்க்கத்தான் இறங்கினோம்.

இறங்குவதற்கு ஒரேயொரு இடம்தான் இருந்தது. வீதிக்குக் காபெற் போட்டபோது மற்ற மூடிகளை எல்லாம் தாரோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். மிஞ்சியது மயூரதனின் ஹார்ட்வெயார் கடை முற்றத்தில் இருந்த மூடி. மயூரதன் தங்கமான மனிதர். சபையின் அனுமதிக் கடிதத்தை வாசிக்கக்கூட இல்லை, இஞ்சி போட்டுத் தேநீர் தந்தார், ஆள் வைத்து மூடியைக் கிளப்பித் தந்தார்.

"மேற்பக்கம் போங்கோ அக்கா. அடைப்பு அங்கைதான் இருக்கும். கீழ்ப்பக்கம் போயிடாதையுங்கோ, பாம்பு கிடக்கும்," என்றார். இந்தக் காலத்தில் யார் இப்படி அக்கறையாகச் சொல்லுவார்கள்? நான் மனதுக்குள் அவரை வாழ்த்தினேன். பாம்பு என்றதும் மூடி கிளப்பிய கனமான இரும்பு அலவாங்கையும் கையோடு கொண்டுவந்துவிட்டேன். அவரோ அதற்குள் மற்றப் பக்கம் திரும்பி, சீமெந்து லொறியில் நின்ற பெடியங்களைப் பேசத் தொடங்கிவிட்டார். "மழை இருட்டுது, கெதியா இறக்குங்கோடா! ஒரு பை நனைஞ்சாலும் தோலை உரிச்சுப்போடுவன்!"

ஐந்து நிமிடத்தில் மூடி விழுந்தது.

நான் முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அலவாங்கை இடுக்கில் விட்டு நெம்பினேன். மூடி அசையவில்லை, என் முதுகில்தான் எங்கேயோ ஏதோ அசைந்தது. என் போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. அக்காவின் போன் வழக்கம்போல மேலே வீதியில் விட்ட எங்கள் வான் வண்டிக்குள் கிடந்தது.

"ரைவர் தெரியாமல் விட்டிருப்பான்," என்றேன். "மழை விட்டதும் எடுப்பான்."

அப்போதுதான் மழை தொடங்கியது. மேலே அது பெய்கிற சத்தம் கீழே எங்களுக்கு அரிசி கொட்டுகிற மாதிரிக் கேட்டது. பத்து நாளில் வற்றிக் கணுக்காலளவில் கிடந்த தண்ணீர் மெல்ல நகர்ந்து என் கால்களைச் சுற்றிப் போனது.

"மேற்பக்கம் போவம்," என்றார் அக்கா. "ஒரு வழி இருக்கோ எண்டு பாப்பம்."

கூனிக்கொண்டு நடந்தோம். கடைக்காரர்கள் எல்லோரும் களவாக ஒரு குழாயை வாய்க்காலுக்குள் விட்டிருந்தார்கள். மேலே எந்தக் கடை என்று குழாய்க்குக் கீழே கிடப்பதைப் பார்த்தே சொல்லலாம். தேயிலைச் சக்கை கிடந்தால் தேத்தண்ணிக் கடை. எள்ளுப் பிண்ணாக்கு மணந்தால் எண்ணெய்க் கடை. மழைத் தண்ணீர் இறங்க வீதியோரம் விட்டிருந்த ஓட்டைகளை மட்டும், மணம் வருகிறதாம், சீமெந்து போட்டு அடைத்திருந்தார்கள். தங்கள் ஊத்தை உள்ளே போகலாம், வாய்க்காலின் மணம் வெளியே வரக்கூடாது. நல்ல நியாயம்.

ஒரு குழாய்க்குக் கீழே கொத்துக் கொத்தாகத் தலைமயிர்.

"சலூன்!" என்று கத்தினேன். குழாயில் வாயை வைத்து, "அண்ணை! நாங்கள் கீழை மாட்டுப்பட்டு நிக்கிறம்! ஆரும் இருக்கிறியளோ?" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

மேலே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு ஒரு கோப்பை சவர நுரைத் தண்ணீர் நேராக என் வாய்க்குள் வந்தது.

"பதில் வந்திட்டுது," என்றார் அக்கா.

அறுபது அடி தள்ளி மேல் முனை வந்தது. பொலித்தீன் பைகள் உள்ளே வராமல் ஜெயரூபன் போடுவித்த இரும்புக் கம்பிக் கதவு, வெளியே பூட்டு. அதற்கப்பால் திறந்த வாய்க்காலும் வெளிச்சமும் மழையும் தெரிந்தன. ஆள் ஒருவரும் இல்லை. கம்பிக்குள்ளால் பழுப்பு நிறத்தில் தண்ணீர் பாய்ந்து வந்தது. அலவாங்கால் பூட்டை அடிக்கக் கை எட்டவில்லை. கம்பியை நெம்பினேன், ஒரு சுண்டு விரல் அளவு வளைந்தது. மனுஷன் வேலையை அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தார்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தது. பகிடியாகச் சொல்லவில்லை, உண்மையான பயம். குருநகரில் பிறந்தவன் வாய்க்காலுக்குள் மூழ்கிச் செத்தான் என்று அப்பா எப்படி வெளியில் முகம் காட்டுவார்?

"கீழ்ப்பக்கம்," என்றார் அக்கா.

"பாம்பு இருக்காம் அக்கா."

"ஆர் சொன்னது?"

"மயூரதன் அண்ணை."

"அவர் எப்ப வந்து பாத்தவராம்?"

நான் அலவாங்கை இறுக்கிப் பிடித்தேன். திரும்பி நடந்தோம். லொறி நின்ற மூடியைக் கடந்தபோது அதன் இடுக்கால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ரோர்ச்சை அதற்குப் பிடித்து ஒரு நொடி பார்த்தார். பிறகு நடந்தார்.

இன்னும் இருபது அடி. பாம்பு இல்லை. ஒரு சுவர்தான் இருந்தது.

வாய்க்காலுக்குக் குறுக்கே, தரையிலிருந்து கூரை வரை, புதுச் சீமெந்துக் கல்லால் கட்டின சுவர். இரண்டு பக்கமும் பழைய சுண்ணாம்புக் கல், நடுவில் இது மட்டும் பளிச்சென்று நின்றது. அதில் மோதித் திரும்பிய தண்ணீர் எங்கள் தொடையில் அடித்தது.

"ஜெயரூபன் பொய் சொல்லேல்லை," என்றார் அக்கா. "அவர் துப்பரவாக்கின பிறகு ஆரோ இதைக் கட்டியிருக்கினம்."

"ஆரோ என்ன ஆரோ? கந்தப்பு!" என்று கத்தினேன். கந்தப்பு குளத்தின் ஒரு மூலையை நிரப்பிக் கலியாண மண்டபம் கட்டியவர். குளத்தை விழுங்கினவர் என்றுதான் ஊர் அவரைச் சொல்லும். "குளத்துக்குத் தண்ணி வராட்டி மிச்சத்தையும் நிரப்பலாம். விசயம் முடிஞ்சுது!"

"முடியேல்லை. சுவரை ஆர் கட்டினது எண்டு பிறகு பாப்பம். எந்தப் பக்கத்திலை நிண்டு கட்டினது எண்டு முதல் பாரும்."

"ரெண்டு பக்கமும் சுவர் சுவர்தானே அக்கா."

"கல்லு இடுக்கைத் தடவிப் பாரும்."

தடவினேன். கல்லுக்குக் கல் சாந்து மட்டமாக, கரண்டியால் இழுத்து வழித்து விட்டிருந்தது.

"மேசன் தான் நிக்கிற பக்கத்தைத்தான் வழிப்பான்," என்றார். "மற்றப் பக்கம் பிதுங்கினபடி கிடக்கும். இன்னும் ஒண்டு. இந்த ஊரிலை முதற்கல்லு எந்த மூலையிலை வைப்பினம்?"

"என்னைக் கேக்கிறியளே? நாங்கள் சுவாமியாரைக் கூட்டி வந்து தண்ணி தெளிக்கிற ஆக்கள்."

"வடகிழக்கு. உம்மடை இடக்கைப் பக்கம். அடிக்கல்லைக் கையாலை தேடும்."

அதற்கு நான் தாடைவரை குனியவேண்டியிருந்தது. அந்த ஊத்தைத் தண்ணீருக்குள் கையை விட்டு அடிக்கல்லைத் துழாவினேன். விரலில் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது.

"ஒரு குத்தி! காசுக் குத்தி ஒண்டு சாந்துக்கை பதிச்சுக் கிடக்கு."

"அதுக்கு மேலை?"

"ஏதோ கீறியிருக்கு. ஈரச் சாந்திலை கீறினது. ஒரு சின்னச் சுழி. சுழியிலை இருந்து கீழை இறங்கி, வலப்பக்கம் நேராய் ஒரு கோடு." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. "பிள்ளையார் சுழி!"

ஊரை வெள்ளத்தில் அமிழ்த்துகிற சுவர். களவாக, இருட்டுக்குள், ஒருவருக்கும் தெரியாமல் கட்டுகிற சுவர். அதற்கும் காசு வைத்து, பிள்ளையார் சுழி போட்டுத்தான் மேசன் கை வைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"அப்ப மேசன் நிண்டது இஞ்சாலைதான்," என்றார் அக்கா. "கந்தப்பு கட்டுவிச்சிருந்தால் குளத்துப் பக்கம் நிண்டு கட்டியிருப்பான். சுழியும் அந்தப் பக்கம் இருந்திருக்கும். சரி, இஞ்சாலை நிண்டு கூரைவரைக்கும் கட்டி முடிச்சவன் எப்பிடி வெளியாலை போனவன்?"

யோசித்தேன். மேல் முனையில் பூட்டுப் போட்ட கம்பி. வீதி மூடிகள் எல்லாம் தாருக்குக் கீழே. மிஞ்சியது ஒன்று.

"நாங்கள் இறங்கின வழியாலை," என்றேன்.

"நாங்கள் இறங்கேக்கை மயூரதன் பெடியளைப் பேசினது ஞாபகமோ?"

"ஒரு பை நனைஞ்சாலும் தோலை உரிப்பன் எண்டவர்."

"இப்ப அந்த லொறி எங்கை நிக்கிது? கொட்டிலுக்கை இல்லை, வெட்ட வெளியிலை. மூடி இடுக்காலை சீமெந்துத் தண்ணி ஒழுகுது. ஹார்ட்வெயார் கடைக்காரன் ஒருத்தன் இந்த மழைக்குள்ளை சீமெந்தை நனைய விட்டிருக்கிறான். அதை விடப் பெரிய அலுவல் ஒண்டு அவனுக்கு இருந்திருக்கு."

அந்த அலுவல் நாங்கள்தான். மனதுக்குள் கொடுத்த வாழ்த்தை அப்படியே திருப்பி எடுத்தேன், கூடவே வேறு சிலதும் சொன்னேன். அக்கா கேட்காத மாதிரி நின்றார்.

"ஆனால் ஏன் எண்டு விளங்கேல்லை," என்றார் அவர். "குளத்துக்குத் தண்ணி போனால் அவருக்கு என்ன?"

தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒன்றரை அடிதான் மிச்சம். மூடி, கம்பி, சுவர். மூன்றில் உடைக்கக் கூடியது ஒன்றுதான். நான் அலவாங்கை ஓங்கினேன்.

"பொறும்!" அக்கா என் கையைப் பிடித்தார்.

"என்னத்துக்குப் பொறுக்கிறது?"

"இந்தச் சுவர்தான் ஜெயரூபனின்ரை சாட்சி. இதை உடைச்சால் நாளைக்குக் கோர்ட்டிலை என்னத்தைக் காட்டிறது? சுவர் இருந்தது எண்டு நாங்கள் சொன்னால் ஆர் நம்புவினம்? உதயகலா காசு குடுத்துப் பிடிச்ச ஆக்கள் வேறை என்ன சொல்லுவினம் எண்டுதான் கேப்பினம்."

"போட்டோ எடுப்பம்."

"எடும்."

மேற்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். நான் தாடைவரை குனிந்தபோது அதுவும் கூடவே குளித்திருந்தது. திரை கறுப்பாய்க் கிடந்தது.

ஏழு வருடமாக அவரோடு திரிகிறேன். கேதீஸ்வரி அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். மழைச் சத்தத்துக்குள் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கட்டையான மனுஷி, தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அக்கா, எங்கடை பிரேதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட ஏலாது! இந்தத் தண்ணி எங்களை மட்டுமே அமத்துது? பின்னுக்கு அந்த ஒழுங்கைக்குள்ளையும் இப்ப ஏறிக்கொண்டுதான் இருக்கும். இன்னொரு மதில் விழுந்தால் அதுக்கும் ஜெயரூபனைத்தான் பிடிப்பினம்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

"நடுவிலை அடியும். மேல்வரிசையிலை இருந்து. நான் ரோர்ச் பிடிக்கிறன்."

அடித்தேன். கூனிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்று, கூரையில் கை முட்ட முட்ட ஓங்கி அடிப்பது லேசான வேலை இல்லை. முதல் கல் வெடிக்க இருபது அடி எடுத்தது. அது அந்தப் பக்கம் விழுந்ததும் ஓட்டைக்குள்ளால் குளத்துக் காற்று வந்தது. அந்தக் காற்றை நான் சாப்பிட்டேன் என்றே சொல்லவேண்டும். இரண்டாவது கல், மூன்றாவது கல். அக்கா ஓட்டைக்குள் கையை விட்டு மற்றப் பக்கத்தைத் தடவினார்.

"சாந்து பிதுங்கித்தான் கிடக்கு," என்றார். இந்த நேரத்திலும் அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது.

நாலாவது கல்லுக்கு நான் ஓங்கவே இல்லை. பின்னால் நின்ற தண்ணீர் பொறுமை இழந்து சுவரை மொத்தமாகத் தள்ளியது. கல், அலவாங்கு, ரோர்ச், அக்கா, நான் எல்லோரும் ஒன்றாக ஒரு இருட்டுக்குள்ளால் உருண்டு போனோம். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மாதாவே என்று கூப்பிட்டது நான். பிள்ளையாரே என்று கூப்பிட்டதும் நான்தான் என்று அக்கா பிறகு சொன்னார். நான் மறுக்கவில்லை.

வெளிச்சம் வந்தது. வில்வடிக்குளத்தின் சேற்றில் முகம் குத்த விழுந்தேன். யாரோ என் சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்தார்கள்.

இழுத்தவர் கந்தப்பு.

மண்டபத்தின் பின்படியில் ஒரு கூட்டமே நின்றது. வெள்ளத்தில் வீடு விட்ட ஒழுங்கைச் சனம் பத்து நாளாக அவருடைய மண்டபத்தில்தான் தங்கியிருந்ததாம், அரிசியும் பருப்பும்கூட அவர்தான் கொடுத்தாராம். குளத்தை விழுங்கினவர் என்று சொன்ன என் வாயைக் கழுவ நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. கிராம சேவையாளர் நாகலிங்கம் ஐயா சாப்பாட்டுப் பார்சல் பட்டியலோடு நின்றார். கூட்டத்துக்கு வெளியே, கூரைக்குக் கீழே வராமல், ஒரு குடையோடு உதயகலா நின்றார். தன் மனிசனுக்காக இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொல்லி நாகலிங்கம் ஐயாவிடம் கேட்க வந்தவர். அந்தச் சனம் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பின்னால் வாய்க்கால் வாய் திறந்து கொட்டியது. பத்து நாளைக்கு முந்திய மழைக்கும் நிரம்பாமல் கிடந்த குளத்துக்குள் தண்ணீர் பாய்ந்து பரவியது.

"ஐயோ, எங்கடை ஒழுங்கை வடியப் போகுது!" என்று ஒரு பெண் கத்தினார். ஆளுக்காள் கதைக்கத் தொடங்கினார்கள். வாய்க்காலுக்குள் என்ன நடந்தது, எப்படி வந்தீர்கள் என்று நாகலிங்கம் ஐயா கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"ஒண்டும் இல்லை ஐயா. ஏதோ அடைச்சுக் கிடந்தது, விட்டிட்டுது," என்றார். எதிர்க் கரையைக் காட்டினார். அங்கே, குளத்தின் பள்ளமான பக்கத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று. தண்ணீர் நேரே அதன் வாசலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. "அண்ணை, உது ஆரின்ரை கட்டடம்?"

"உதோ? மயூரதன்ரை ஸ்ரோர்," என்றார் கந்தப்பு. "போன வருசம் கட்டினவர். உந்தப் பள்ளத்திலை வேண்டாம், குளம் நிரம்பினால் ஏறும் எண்டு சொன்னனான். கேக்கேல்லை. முழுக்கச் சீமெந்து."

அக்கா என்னைப் பார்த்தார். ஏன் என்ற கேள்விக்கு விடை அங்கே தகரத்துக்குக் கீழே அடுக்கிக் கிடந்தது.

அதற்குள் குளக்கட்டால் ஒருவர் ஓடிவந்தார். குடை இல்லை, ஒரு காலில் செருப்பும் இல்லை. எங்களை அவர் பார்க்கவில்லை. அவருடைய கண் முழுக்க அந்தத் தகரக் கட்டடத்தில் இருந்தது.

"ஆரடா சுவரை உடைச்சது?" என்று கத்தினார் மயூரதன். "எந்த நாயடா உடைச்சது? ரெண்டாயிரம் பை கிடக்கடா உள்ளுக்கை!"

கந்தப்புவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "எந்தச் சுவர் மயூரதன்?"

"வாய்க்காலுக்கை நான் கட்டின..."

அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை. சேற்றுக்குள் பக்கத்துப் பக்கத்தில் குந்தியிருந்த எங்கள் இருவரையும் அப்போதுதான் கண்டார். நான் கையை உயர்த்தி ஆட்டினேன்.

"தேத்தண்ணி நல்லா இருந்தது அண்ணை," என்றேன்.

ஒழுங்கைச் சனம் ஒருவர் ஒருவராகப் படியிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருவரும் கை ஓங்கவில்லை. மயூரதன் திரும்பினார், பின்னாலும் ஆள் நின்றது. பொலிசுக்குப் போன் எடுக்கும்படி அக்கா கந்தப்புவிடம் சொன்னார். நானும் அக்காவும் கேட்க எத்தனையோ கேள்வி இருந்தது. ஆனால் உதயகலா குடையைக் கீழே போட்டுவிட்டு எங்களைத் தாண்டிப் போனார். மயூரதனுக்கு முன்னால் போய் நின்றார். கத்தவில்லை.

"நீங்கள் சுவர் கட்ட இறங்கேக்கை வாய்க்கால் எப்பிடிக் கிடந்தது?"

மயூரதன் அவரைப் பார்க்காமல் ஸ்ரோரைப் பார்த்தார். தண்ணீர் வாசற்படியில் ஏறிவிட்டது.

"சொல்லுங்கோ. எப்பிடிக் கிடந்தது?"

"துப்பரவாத்தான் கிடந்தது," என்றார் மயூரதன். பிறகு, அடக்க முடியாத ஆத்திரத்தோடு, முறைப்பாடு சொல்கிற மாதிரி வெடித்தார். "ஒரு குப்பை இல்லை! ஐப்பசியிலை பெய்த முதல் மழை முழுக்க ஒரு துளி நிக்காமல் ஓடிவந்து என்ரை ஸ்ரோருக்கை ஏறினது. உம்மடை மனிசன் மற்றவை மாதிரி அரைகுறையா விட்டிருந்தால் நான் ஏன் சுவர் கட்டிறன்?"

படியில் நின்ற ஒரு முதியவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

உதயகலா நாகலிங்கம் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் சாப்பாட்டுப் பட்டியலைப் புரட்டி, பின்பக்கத்து வெறும் தாளில் பேனையை வைத்திருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார் உதயகலா மயூரதனிடம். "மெதுவாச் சொல்லுங்கோ. ஐயா எழுதவேணும்."